கண்ணாடி போட்டவங்க பெரிய பவர் பைனாகுலர் வாங்கறதுக்கு முன்னாடி

எங்க வீடு திருவொற்றியூர். மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும், ஹார்பருக்குள்ள போக முறை வராம வெளியில நங்கூரம் போட்டு நிக்கற கப்பலுங்க தெரியும். அப்பா ஹார்பர்ல 31 வருஷம் வேலை பாத்தவரு, ரிட்டயர் ஆனதுல இருந்து சாயங்காலம் ஆனா சேர் போட்டு அந்தக் கப்பலுங்களையேதான் பாத்துட்டு இருப்பாரு. "அது பெட்டி ஏத்தற கன்டெய்னர் கப்பலா, சரக்கை அப்படியே கொட்டி ஏத்தற பல்க் கப்பலான்னு கூட தெரியலையேம்மா"ன்னு ஒரு நாள் சொன்னாரு, அன்னிக்கே பைனாகுலர் வாங்கிக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். மூணாவதா வாங்குனதுதான் சரியா அமைஞ்சுது. முதல் ரெண்டுல 9,700 ரூபாயும் நாலு மாசமும் போச்சு. அப்பா கண்ணாடி போட்டவரு, அதை நான் கணக்குலயே எடுத்துக்கல, அதான் முதல் தப்பு. உங்க வீட்டுலயும் கண்ணாடி போட்டவங்க யாராவது பாக்கப் போறாங்கன்னா இதை முழுசா படிச்சுட்டு அப்புறமா காசை எடுங்க.

1. முதல்ல கண்ணாடி சீட்டை எடுங்க

கண் டாக்டர் குடுத்த சீட்டு, இல்லைனா கண்ணாடிக் கடையில எழுதிக் குடுத்தது, வீட்டுல எங்கயாவது இருக்கும், தேடி எடுங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சுன்னா புதுசா டெஸ்ட் பண்ணிடுங்க. அந்த சீட்டுல மூணு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, ஸ்பியர் பவர், சீட்டுல SPH-ன்னு இருக்கும். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்தான்னா கண்ணாடியைக் கழட்டிட்டே பைனாகுலர்ல பாக்கலாம், ஃபோகஸ் வீலைத் திருப்புனா அதுவே சரி பண்ணிக்கும். ரெண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமா இருந்தா வலது கண் பக்கம் டயாப்டர் வளையம்னு ஒண்ணு இருக்கும், அதைத் திருப்பி சரி பண்ணிக்கலாம். ஆனா மைனஸ் பவர் ரொம்ப அதிகம்னா சில மாடல்ல ஃபோகஸ் வீல் அந்த அளவுக்குப் போகாது, கடையிலயே கழட்டிப் பாத்துடுங்க.

ரெண்டு, சிலிண்டர் பவர், சீட்டுல CYL-ன்னு இருக்கும், கண்ணோட வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீரா இல்லாததை சரி பண்ற பவர். இதுதான் முக்கியம். ஃபோகஸ் வீலை எவ்வளவு திருப்புனாலும் சிலிண்டர் பவர் சரியாகாது. அரை, முக்கால்னு சின்னதா இருந்தா கண்ணாடி இல்லாம சமாளிச்சுடலாம், 1-க்கு மேல போயிடுச்சுன்னா கண்ணாடியோடதான் பாத்தாகணும். அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் 1.75.

மூணாவது பி.டி. (PD), அதாவது ரெண்டு கண்மணிக்கும் நடுவுல இருக்கற தூரம். நிறைய பைனாகுலர் 56-லேருந்து 72 மி.மீ. வரைக்கும்தான் மடங்கும், விரியும். முகம் சின்னதா இருக்கறவங்க, குழந்தைங்க, இதைப் பாக்காம பெரிய பைனாகுலர் வாங்குனா ரெண்டு வட்டமும் ஒண்ணாவே சேராது.

இன்னொண்ணு, ப்ரோக்ரெசிவ் இல்லைனா பைஃபோகல் கண்ணாடி போடறவங்க தூரத்துக்கு மட்டும் ஒரு சாதா கண்ணாடி இருந்தா அதை எடுத்துட்டுப் போங்க, கீழ்ப் பக்க பவர் குறுக்க வந்தா கலங்கலாதான் தெரியும். வீட்டுல கண்புரை ஆபரேஷன் பேச்சு ஓடிட்டு இருந்தா அவசரப்படாதீங்க, ஆபரேஷன் முடிஞ்சு புதுக் கண்ணாடி கைக்கு வரட்டும், பவரே மாறிடும்.

2. பெட்டி மேல இருக்கற ரெண்டு நம்பர்

10×50-ன்னு போட்டிருந்தா, 10 மடங்கு கிட்டத்துல தெரியும், முன்னாடி லென்ஸோட அகலம் 50 மி.மீ. பின்னாடி நம்பரை முன்னாடி நம்பரால வகுத்தா 5 வருதில்ல, அது கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தோட அகலம், மி.மீ. கணக்குல. 10×42-ன்னா 4.2, 15×70-ன்னா 4.7, 20×80-ன்னா 4, 20×50-ன்னா வெறும் 2.5. இந்த வட்டம் சின்னதா ஆக ஆக ரெண்டு பிரச்சினை வரும். சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சதும் படம் மங்கிடும், அப்புறம் கண்ணை ஒரு இம்மி நகத்துனாலும் கறுப்பா மறைஞ்சுடும். நான் முதல்ல ஆன்லைன்ல வாங்குனது 20×50, 3,200 ரூபாய், "20 மடங்கு"ன்ற ஒரே வார்த்தைக்காக வாங்குனேன். 4-க்குக் கீழ போகாம பாத்துக்கங்க, வயசானவங்களுக்கு 4-லேருந்து 5 வரைக்கும் இருந்தா போதும், கண்மணி அதுக்கு மேல பெருசா விரியாது.

3. ஐ ரிலீஃப், இதுல அவசரப்படாதீங்க

கண் வைக்கற பக்கத்து லென்ஸ்ல இருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கண்ணை வச்சா படம் முழுசா தெரியுமோ, அந்தத் தூரம்தான் ஐ ரிலீஃப். மி.மீ.ல போட்டிருப்பாங்க. கண்ணாடி போடாதவங்களுக்கு 10, 12 இருந்தாலே போதும், கண்ணை ஒட்டி வச்சுடுவாங்க. நமக்கு நடுவுல கண்ணாடி நிக்குது, ஒட்ட முடியாது. அப்போ என்ன ஆகும்னா, படத்தோட நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், சுத்தி இருக்கறது எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிடும். அந்த முதல் பைனாகுலரைக் கண்ணுல வச்சதும் அப்பா சொன்னது, "என்னம்மா, சாவி ஓட்டை வழியா பாக்கற மாதிரி இருக்கு." பெட்டியைத் திருப்பிப் பாத்தேன், ஐ ரிலீஃப் 9 மி.மீ.ன்னு சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. முன்னாடியே போட்டுத்தான் இருந்திருக்கு, எனக்குத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம போச்சு.

சரி, எவ்வளவு வேணும்? கணக்கு போட்டுப் பாருங்க. கண்ணுக்கும் கண்ணாடியோட உள்பக்கத்துக்கும் நடுவுல பொதுவா 12-லேருந்து 14 மி.மீ. இருக்கும். கண்ணாடியோட தடிமன் ஒரு ரெண்டு மி.மீ. வைங்க. அதுக்கு மேல, பைனாகுலர்ல லென்ஸ் விளிம்போட சமமா இருக்காது, ரப்பர் கப்புக்குள்ள ரெண்டு மூணு மி.மீ. பள்ளத்துல உக்காந்திருக்கும். பெட்டியில போடற நம்பரை லென்ஸ்ல இருந்துதான் அளக்கறாங்க, ரப்பர்ல இருந்து இல்ல. அதனால 15-ன்னு போட்டிருந்தா கையில கிடைக்கறது 12, 13தான். இதெல்லாம் கூட்டிப் பாத்தா 17, 18 மி.மீ. இருந்தாதான் நிம்மதியா பாக்கலாம்ன்றது தெரியும். 15, 16-ல சிலருக்கு சரியா வரும், மெல்லிசான கண்ணாடி, மூக்குக்குக் கிட்ட உக்கார்ற ஃப்ரேம் போட்டவங்களுக்கு. 14-க்குக் கீழன்னா கண்ணாடி போட்டவங்க பாக்கவே வேணாம்.

பைனாகுலரோட பவர் கூடுனா ஐ ரிலீஃப் குறையும்னு ஒரு பேச்சு இருக்கு, அதை அப்படியே நம்பாதீங்க, மாடலுக்கு மாடல் மாறும், கண் பக்க லென்ஸை எப்படி செஞ்சிருக்காங்கன்றதுலதான் இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே 10×50, பாருங்க: நிக்கான் அக்யுலான் ஏ211-ல 11.8 மி.மீ., நிக்கான் ஆக்‌ஷன் எக்ஸ்-ல 17.2 மி.மீ. கண்ணாடி போடாதவங்களுக்கு ரெண்டுமே ஓகே, நமக்கு ரெண்டாவதுதான். ஒலிம்பஸ் 10×50 டிபிஎஸ்-1, நிறைய பேர் சொல்ற மாடல், அதுல 12. செலஸ்ட்ரான் ஸ்கைமாஸ்டர் 15×70-ல 18. கேனான் 15×50 ஐஎஸ்-ல 15. அதனால பிராண்டு பேரை மட்டும் கேட்டு வாங்காதீங்க, மாடல் பேரையும் பவரையும் முழுசா சொல்லி அந்த ஒரு நம்பரைக் கேளுங்க. கடைக்காரர் "எல்லாம் நல்லா தெரியும் மேடம்"னு சொன்னா, பெட்டியை வாங்கி நீங்களே படிங்க. பெட்டியில இல்லைனா கம்பெனி வெப்சைட்ல மாடல் பக்கத்துல இருக்கும். எங்கயுமே அந்த நம்பரைப் போடாத பைனாகுலரை விட்டுடுங்க.

ஐ கப், அதாவது கண் வைக்கற பக்கம் இருக்கற அந்த ரப்பர் கப், அதைப் பத்தியும் சொல்லிடறேன். கண்ணாடி போட்டவங்க அதை முழுசா கீழ இறக்கி வச்சுப் பாக்கணும், பழைய மாடல்ல ரப்பரை மடக்கணும். திருகி ஏத்தி இறக்கற மாதிரி, நடுவுல ஒண்ணு ரெண்டு இடத்துல "டக்"னு நிக்கற மாதிரி இருந்தா வசதி, கண்ணாடி போட்டவரும் போடாதவரும் மாத்தி மாத்திப் பாக்கலாம். விளிம்பு ரப்பர்லதான் இருக்கணும், பிளாஸ்டிக் மொட்டையா நீட்டிட்டு இருந்தா கண்ணாடியில கீறல் விழும்.

4. பெரிய பவர்னா ஸ்டாண்டும் சேத்துதான்

10 மடங்கு கையில பிடிக்கலாம். 12 வரைக்கும் கை நிதானமா இருக்கறவங்க ஓட்டிடுவாங்க. அதுக்கு மேல போனா கை நடுக்கமும் அதே 15 மடங்கு, 20 மடங்கு பெருசாகித்தான் தெரியும், கப்பல் பேரு படிக்கலாம்னு வாங்கிட்டு கப்பலே ஆடறதைத்தான் பாப்பீங்க. வெயிட்டும் இருக்கு, 10×50 ஒரு கிலோ பக்கம், 15×70 கிட்டத்தட்ட 1.4 கிலோ, 20×80 ரெண்டு கிலோவைத் தாண்டும். ட்ரைபாட் இல்லாம 15-ஐத் தொடாதீங்க. நடுக்கத்தை உள்ளேயே நிறுத்தற ஐஎஸ் மாடல் இருக்கு, கையிலயே 15, 18 மடங்கு பிடிக்கலாம், ஆனா விலை ரொம்ப அதிகம், பேட்டரியும் வேணும்.

பார்வை அகலத்தையும் கணக்குல வைங்க. 15×70-ல பொதுவா 4.4 டிகிரி வரும், அதாவது ஒரு கிலோமீட்டர் தள்ளி 77 மீட்டர் அகலம் தெரியும். கப்பல் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி நின்னா 385 மீட்டர், 300 மீட்டர் கன்டெய்னர் கப்பல் முழுசா வட்டத்துக்குள்ள அடங்கிடும். 20×80-ல 3.2 டிகிரின்னா அதே தூரத்துல 280 மீட்டர்தான், பாதி பாதியா பாக்கணும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நான் 15-ல நின்னேன். எண்ணூர் கழிமுகத்துலயோ பழவேற்காட்டுலயோ பறவை பாக்கறதுக்குன்னா 10 மடங்கே போதும், பூநாரை கூட்டமா நகரும், செம்பருந்து தலைக்கு மேல சுத்தும், ட்ரைபாட்ல மாட்டுன 15-ஐ வச்சு அதுங்களைத் தொரத்த முடியாது.

5. இதெல்லாம் பாத்தா நகந்துடுங்க

முன் லென்ஸ் செக்கச்செவேல்னு மின்னும், ரூபி கோட்டிங்னு சொல்லுவாங்க. கலரே மாறித் தெரியும், வேணாம். "60×60", "100×"ன்னு போட்டிருக்கும், பைனாகுலர் உள்ளங்கை அளவுதான் இருக்கும், 60 மி.மீ. லென்ஸ் எங்க இருக்குன்னு ஸ்கேலை வச்சு அளந்து பாருங்க. 10-30 ஸூம் மாடல், ஒரு குச்சியைத் தள்ளுனா பவர் ஏறும், கேக்க நல்லாருக்கும், ஆனா பார்வை அகலம் ரொம்பக் குறுகல், கண்ணாடி போட்டவங்களுக்கு இடமும் பத்தாது. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா முன்னாடி இருந்து டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தா எவ்வளவு சீப்பா குடுத்தாலும் விட்டுடுங்க, நம்ம கடலோரத்துல அது இன்னும் பரவும்.

6. கடையில செய்ய வேண்டியது

பாக்கப் போறவரைக் கூடவே கூட்டிட்டுப் போங்க, அவர் கண்ணாடியோட. நான் அப்பாவை விட்டுட்டுத் தனியாப் போய்த்தான் ரெண்டாவதை வாங்குனேன். மதியத்துல போகாதீங்க, ரோட்டுல இருந்து அனல் எழும்பி தூரத்துல இருக்கறது எல்லாம் அலையடிக்கும், பைனாகுலர் நல்லதா கெட்டதான்னே தெரியாது. நாலு மணிக்கு மேல போங்க. கடைக்குள்ள சுவத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வாசலுக்கோ மாடிக்கோ எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும்னு சொல்லுங்க, அடையாளத்துக்கு ஏதாவது குடுத்துட்டுப் போறேன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

ஐ கப்பை இறக்கி, கண்ணாடியோட பாருங்க. படத்தைச் சுத்தி கறுப்பா ஒரு விளிம்பு வட்டம் கூர்மையா, நாலா பக்கமும் ஒரே நேரத்துல தெரியணும். அதைப் பாக்க பைனாகுலரைக் கண்ணாடி மேல அழுத்த வேண்டியிருந்தா ஐ ரிலீஃப் பத்தலை. அழுத்தாமலே தெரியுது, ஆனா அப்பப்போ அவரைக்கொட்டை மாதிரி கறுப்பு நிழல் வந்து போகுதுன்னா கண் ரொம்பக் கிட்டப் போகுது, ஐ கப்பை ஒரு "டக்" ஏத்துங்க, சரியாயிடும்.

அடுத்து, ரெண்டு குழாயும் ஒரே பக்கம் பாக்குதான்னு. தூரத்துல ஒரு மொட்டை மாடி கைப்பிடிச் சுவரோ கரன்ட் கம்பியோ, படுக்கையா ஒரு கோடு பிடிச்சுக்கங்க. பைனாகுலரை ஏதாவது மேல ஊனிட்டு, தலையை மட்டும் மெதுவா பின்னாடி எடுங்க, ரெண்டு வட்டமும் தனித்தனியா தெரியும், அந்தக் கோடு ரெண்டுலயும் ஒரே உயரத்துல போகணும். ஒண்ணுல மேலயும் ஒண்ணுல கீழயும் இருந்தா வாங்காதீங்க, அதுவும் பவர் கூடக் கூட இந்தக் கோளாறு பெருசா தெரியும். எனக்கு ரெண்டாவது வந்தது இப்படித்தான், ஐ ரிலீஃப் 17, எல்லாம் சரியா இருந்துச்சு, ஆனா அப்பா பத்து நிமிஷம் பாத்தாலே தலைவலி வந்துடும், வயசாச்சுல்லன்னு அவரே சொல்லிக்கிட்டாரு, நானும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன். ஒரு வாரம் கழிச்சு நான் உக்காந்து பாத்தப்போதான் கப்பல் ரெண்டா தெரியுதுன்னு கண்டுபிடிச்சேன். வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷமாவது விடாம பாருங்க.

அப்புறம் பைனாகுலரை ஒரு அடி தள்ளிப் பிடிச்சு வானத்தைப் பாத்தா, கண் பக்க லென்ஸ்ல சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். முழு வட்டமா இருந்தா உள்ள இருக்கற ப்ரிசம் (வெளிச்சத்தைத் திருப்பி விடற கண்ணாடிக் கட்டி) நல்ல பாக்-4 ரகம், ஓரமெல்லாம் வெட்டுன மாதிரி சதுரமா இருந்தா விலை குறைஞ்ச பிகே7. கோட்டிங்ல "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்"னு முழுசா இருக்கணும், வெறும் "கோட்டட்"னா சில லென்ஸுக்கு மட்டும் பூசியிருப்பாங்க. எண்ணூர் பக்கம் இருக்கறவங்க அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பிடிச்சுப் பாருங்க, வெளிச்ச வானத்துக்கு முன்னாடி அதோட ஓரத்துல ஊதா, பச்சைக் கோடு எவ்வளவு தடிமனா வருதோ அவ்வளவுக்கு லென்ஸ் சுமார். நடுவுல லேசா வந்தா பரவாயில்லை, பெரிய பவர்ல அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

7. பில்லு, வாரண்டி, ரிட்டர்ன்

ரெண்டாவதுக்கு என்கிட்ட பில் இல்ல. "பில் இல்லாம எடுத்துக்கிட்டா 600 ரூபா கம்மி"ன்னாங்க, சரின்னுட்டேன். ரெண்டா தெரியுதுன்னு கொண்டு போனப்போ நீங்கதான் கீழ போட்டிருப்பீங்கன்னு சொல்லிட்டாங்க, கையில ஒரு காகிதம் இல்லாம நான் என்ன பேச முடியும். 6,500 ரூபாய் அங்கயே முடிஞ்சுது.

அதனால ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில், அதுல மாடல் பேரு, சீரியல் நம்பர் ரெண்டும் இருக்கணும். வாரண்டி கார்டுல கடை சீலும் தேதியும் அன்னிக்கே வாங்கிடுங்க. வெளிநாட்டுல இருந்து நேரா வந்த பீஸுக்கு இந்தியாவுல வாரண்டி செல்லாம போகலாம், பெட்டி மேல இங்க இறக்குமதி பண்ணவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. பூஞ்சை, கீழ விழுந்தது, இதுக்கெல்லாம் பொதுவா வாரண்டி வராது.

ஆன்லைன்ல வாங்குனா ரிட்டர்ன் எத்தனை நாள், பணம் திரும்பவா, மாத்திக் குடுக்கறது மட்டுமான்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க. பார்சலைப் பிரிக்கறப்போ ஆரம்பத்துல இருந்து வீடியோ எடுங்க. வந்த அன்னிக்கு சாயங்காலமே மேல சொன்ன டெஸ்ட் எல்லாத்தையும் பண்ணிடுங்க, "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்"னு விட்டா நாள் தாண்டிடும், எனக்கு முதல்ல அப்படித்தான் தாண்டுச்சு. பில் இருந்தும் கடையில மாத்த மாட்டேங்கறாங்கன்னா 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதிஞ்சு நம்பர் குடுப்பாங்க.

8. மொத்தமா எனக்கு ஆன செலவு

15×70, ஐ ரிலீஃப் 18 மி.மீ., 13,400 ரூபாய். ட்ரைபாட் 3,300, மொபைலுக்கு வர்ற லேசான ஸ்டாண்டு எல்லாம் தாங்காது, அஞ்சு கிலோவாவது தாங்கும்னு போட்டிருக்கறதை எடுங்க, சேர்ல உக்காந்து பாக்கற உயரத்துக்கு வருதான்னும் பாருங்க. பைனாகுலரை ட்ரைபாட்ல மாட்ட எல் வடிவத்துல ஒரு அடாப்டர் வேணும், சிலதுல பெட்டிக்குள்ளயே வரும், எனக்கு வரலை, 650. பைனாகுலர் நடுக் கீல்ல முன்பக்கம் ஒரு மூடி இருக்கும், திருகிக் கழட்டுனா கால் இஞ்ச் மரை தெரியும், அந்த மரை இல்லாத மாடலை ட்ரைபாட்ல மாட்டறது பெரும்பாடு. காத்துப் போகாத டப்பா, சிலிக்கா ஜெல், அமுக்கி ஊதற ரப்பர் பல்ப், துணி எல்லாம் சேத்து 550. ஆக 17,900. கையில 10,000-தான் இருக்குன்னா பெரிய பவரை மறந்துட்டு, ஐ ரிலீஃப் நல்லா இருக்கற சின்ன பவர் ஒண்ணு பாருங்க, அந்தப் பணத்துக்கு அதுலதான் கண்ணாடியோட நல்ல படம் கிடைக்கும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

முதல்ல செட் பண்ணுங்க. வலது குழாயை மூடிட்டு நடு வீலைத் திருப்பி இடது கண்ணுக்கு ஃபோகஸ் பண்ணுங்க, அப்புறம் இடதை மூடிட்டு டயாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்கு. அந்த இடத்துல மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சுடுங்க, வேற யாராவது திருப்பிட்டாலும் திரும்ப அந்தப் புள்ளிக்கே வச்சுக்கலாம்.

நம்ம ஊர்ல கடல் கிழக்குல இருக்கு, காலையில சூரியன் நேரா கடல் மேலதான் நிக்கும், அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே திருப்பாதீங்க, ஒரு செகண்ட் சூரியன் உள்ள வந்தா கண்ணு போயிடும். குழந்தைங்க இருக்கற வீட்டுல ட்ரைபாட்ல மாட்டி மாடியில விட்டுட்டு வராதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல சூரியன் முதுகுக்குப் பின்னாடி போயிடும், கப்பல் மேல முழு வெளிச்சமும் விழும், அதுதான் நேரம். பௌர்ணமியன்னிக்கு நிலா கடல்ல இருந்து ஏறி வர்றதையும் பாருங்க. ஹார்பர் மதில் ஓரத்துலயும் பாதுகாப்பு இடங்கள் கிட்டயும் நின்னு தூக்கிப் பாக்காதீங்க, வீணா கேள்வி வரும். பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமும் திருப்பாதீங்க.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர், எங்க இருந்தாலும் உப்புக்காத்து இருக்கு. பாத்து முடிச்சதும் மேல ஈரத்துணியால ஒரு தடவை, காஞ்ச துணியால ஒரு தடவை துடைச்சுடுங்க. லென்ஸை மட்டும் அப்படித் துடைக்கக் கூடாது, முதல்ல பல்பால ஊதி உப்புத்தூளை எடுத்துட்டு அப்புறம்தான் லென்ஸ் துணி, புடவை முந்தானை, துண்டு எதுவும் படக் கூடாது. அதோட வந்த துணிப்பையில வச்சு பீரோவுக்குள்ள பூட்டி வைக்காதீங்க, பூஞ்சை அங்கதான் பிடிக்கும். டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க, நீல ஜெல் ரோஸ் கலர் ஆயிடுச்சுன்னா மாத்திடுங்க, மழைக்காலத்துல எங்க வீட்டுல மூணு வாரத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டியிருக்கு. அப்பாவே தேதியை டப்பா மூடியில எழுதி வச்சுடறாரு, அதுக்குப் பக்கத்துலயே அன்னிக்குப் பாத்த கப்பல்ல பெரிய எழுத்துல இருந்த கம்பெனி பேரையும்.